தோழி ஏற்றித் தராத சம்பளம்

சின்னவள் லேப்டாப்பை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் அவளுக்குப் பணிவாக மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

"உங்கள் எதிர்பார்ப்பை மதிக்கிறோம். ஆனால் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் மாதம் முப்பதாயிரம்தான். எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்!"

கடைசியில் ஒரு பூங்கொத்துப் படம் வேறு.

"யாருடி இவ, இவ்வளவு இனிமையா கழுத்தை அறுக்கிறா?" என்று கேட்டாள் அக்கா. மருந்துக் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பின் பிசுக்கு இன்னும் விரலில் இருந்தது.

"மனுஷி இல்லக்கா, மெஷின். பேரு தோழி. புதுசா சேர்றவங்ககிட்ட கம்பெனி சார்பா சம்பளம் பேசுறதுக்குன்னே வச்சிருக்காங்க."

"யார் பெத்த பிள்ளையோ, நல்லா வருவா."

சின்னவள் அக்கா பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்தாள். பெற்றவளே அவள்தான். படிப்பின் கடைசி அரை வருஷம் அதே கம்பெனியில் இன்டர்னாக இருந்தபோது, தோழி பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் உட்கார்ந்து எழுதினாள். பூங்கொத்துகூட அவள் யோசனைதான். "வர்ற பசங்க ஒருத்தனும் இதைத் தாண்டி என்கிட்ட வரக்கூடாது" என்று சொல்லியிருந்தார் மேனேஜர். செலவு என்றாலே முகம் சுருங்குகிற மனிதர். ஆபீஸ் முழுக்க அவருக்குப் பட்ஜெட் சார் என்றுதான் பெயர். இவளும் சமர்த்தாக ஒரு ஓட்டை விடாமல் அடைத்துக் கொடுத்தாள். நாளைக்குத் தானும் புதுசாகச் சேர வேண்டியவள்தானே என்று அந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

முப்பதாயிரத்துக்கு என்ன குறைச்சல் என்று கேட்கலாம். குறைச்சல் அக்காவுக்குத்தான். வீட்டில் ஒருத்தி படிக்கத்தான் காசு இருந்தது. தங்கச்சி படிக்கட்டும் என்று பார்மசி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிடங்குக்குப் போனவள் அக்கா. நாற்பது வந்தால் வாடகை, சாப்பாடு போக அவள் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். முப்பது வந்தால் படிப்பும் கிடையாது, மாதக் கடைசியில் வயிற்றில் ஈரத்துணிதான். "எனக்கெதுக்குடி இனிமே படிப்பு" என்று வாய் சொல்லும். பழைய புத்தகங்களை மட்டும் எடைக்குப் போட விடமாட்டாள்.

"இதை மடக்க வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. வேற கம்பெனி கூப்பிட்டிருக்குன்னு சொன்னா ஏத்தும்."

"அப்ப சொல்லித் தொலை! மெஷின்கிட்ட பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்துமா?"

சின்னவள் தயங்கித் தயங்கித் தட்டினாள். தோழி கொஞ்சமும் அசரவில்லை. "மிக்க மகிழ்ச்சி! அந்தக் கடிதத்தை இங்கே இணைக்கவும்." மறுபடி பூங்கொத்து.

"இது எந்தப் புண்ணியவதி பார்த்த வேலை?"

"நான்தான்க்கா. யாரும் கேட்காமலே சேர்த்துக் கொடுத்தேன். பட்ஜெட் சார் கை தட்டினார்."

அக்கா கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். சின்னவளுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. பேரம் பேசப் போய், கிடைத்த வேலையும் கைநழுவினால்? நடப்பது நடக்கட்டும் என்று பட்ஜெட் சாருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "நீ எழுதினதை நீயே தாண்ட முடியலையா? பலே! அப்ப வேலை பிரமாதம்னுதானே அர்த்தம்?"

"அதையேதான் சார் நானும் சொல்ல வந்தேன். பிரமாதமா செஞ்சு காட்டினவளுக்கும், இனிமே வந்து கத்துக்கப் போறவங்களுக்கும் ஒரே சம்பளமா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"வேற யாராவது கூப்பிட்டிருக்காங்களா?"

ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று அக்கா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

"இல்ல சார்." அக்கா நறுக்கென்று கிள்ளினாள். "ஆனா தோழி எங்க உடையும், உடைஞ்சா எப்படி ஒட்டணும்னு இப்ப என் ஒருத்திக்குத்தான் தெரியும். நாற்பது வேணும் சார்."

"நாற்பதா! என்னை வித்தாக்கூட வராதும்மா. முப்பத்தஞ்சு."

"நாற்பது சார்."

"முப்பத்தேழு. இதுவே இந்தக் கம்பெனியில யாருக்கும் கொடுத்ததில்ல."

"முப்பத்தேழுல வீட்டுக் கணக்கு உதைக்குது சார். நாற்பது."

பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது. "சரி, தொலையுது. நாற்பது. ஆனா தோழி இனிமே உன் பொறுப்பு."

"பார்த்துக்கிறேன் சார். முதல் வேலையா, எல்லோருக்கும் முப்பதாயிரம்தான்னு சொல்ற வரியை எடுத்துடறேன்."

"அது எதுக்கு?"

"இப்ப அது பொய்யாயிடுச்சே சார்."

"அடக் கடவுளே, சேர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டியா!" என்று புலம்பிவிட்டு, சாயங்காலத்துக்குள் கடிதம் வரும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

சின்னவள் சந்தோஷத்தில் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். இனி அக்காவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். கெஞ்சுவதா, மிரட்டுவதா என்று யோசித்தபடி திரும்பினாள். அக்கா ஜன்னலோரம் நின்று தன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார், அடுத்த மாசத்திலிருந்து என்னை ராத்திரி ஷிஃப்ட்ல போடாதீங்க. காலையில எனக்கு காலேஜ் இருக்கு."

"அக்கா! இன்னும் அப்ளிகேஷனே போடலையே!"

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போன வாரமே போட்டுட்டேன்டி."