காலரில் தொடங்கும் பாட்டு

பெயர்ப்பலகையில் என்னவோ எழுதியிருந்தது, அதை யார் படித்தார்கள்? அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ‘பாட்டு லாண்டரி’ என்றுதான் வழி சொல்வார்கள். கீழே துணி வெளுக்கும், மேலே பாட்டு நடக்கும். மேல்மாடி ஒரு காலத்தில் துணி காயப்போடும் கூடமாக இருந்தது. உலர்த்தும் இயந்திரம் வந்த பிறகு சும்மா கிடந்தது. எதுவும் சும்மா கிடப்பதைப் பார்த்தால் கடையை நடத்தும் லாண்டரியக்காவுக்குக் கை அரிக்கும். அங்கே இங்கே கேட்டு நாற்பது நாற்காலி சேர்த்துவிட்டாள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பல் டாக்டர் கழித்துக் கொடுத்த சுழல் நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்காருகிறவர் பாட்டில் லயித்துவிட்டால் போதும், மெல்ல மெல்லத் திரும்பி மேடைக்கே முதுகைக் காட்டிவிடுவார்.

மழைக்காலத்தில் ஆறு ஞாயிறு, மாலை நாலு மணிக்கு. நாட்டுப்பாட்டுக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். அந்த சீசனில் முதல் வாரம் தோல்பைக் குழல் ஊதுகிறவர் வந்தார். அவர் பையில் காற்றை நிரப்பியபோது தெருநாய்கள் எல்லாம் படியேறி வந்துவிட்டன. இரண்டாம் வாரம் அறுவடைப் பாட்டு பாடும் ஒரு தாயும் மூன்று பெண்களும். நடுவே அவர்களுக்குள் சண்டை வந்து, அதையும் ராகத்தோடே முடித்தார்கள். நாலாம் வாரம் ஒற்றைத் தந்திக்காரர். ஒரே ஒரு தந்திக்கு நாற்பது நிமிடம் சுதி சேர்த்தார்.

வாசலில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்புவது அக்காவின் நாத்தனார், அதாவது அவள் புருஷன் இஸ்திரிக்காரரின் உடன்பிறந்த அக்கா. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“உள்ள தள்ளி, உள்ள தள்ளி! படியில யாரும் நிக்காதீங்க! முன்னாடி அவ்வளவு இடம் இருக்குல்ல?”

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர்க்காரர் பாடுவதற்கு முன்னால், அக்கம்பக்கத்தார் ஒருவர் மேடையேறி ஒரே ஒரு பாட்டு பாட வேண்டும். ரேடியோவில் கேட்டது கூடாது, சினிமாவில் வந்தது கூடாது. தன் வீட்டில், தன் ஆட்கள் வாயிலிருந்து கேட்டதாக இருக்க வேண்டும். அதற்கு ‘முன்பாட்டு’ என்று பெயர். சீசன் தொடங்குமுன் கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் கரும்பலகையில் ஆறு பேர் தங்கள் பெயரை எழுதுவார்கள். தபால்காரர் தன் சித்தப்பா பாடிய ஆடு மேய்க்கும் பாட்டைப் பாடினார். பல் டாக்டர் தாலாட்டுப் பாடினார். யாருக்கும் தூக்கம் வரவில்லை, ஒரு குழந்தைதான் விழித்துக்கொண்டு அழுதது.

ஐந்து சீசனாக அந்தப் பலகையில் ஒரு பெயர் ஏறும், இறங்கும். அக்காவின் புருஷன், இஸ்திரிக்காரர், சாக்பீஸை எடுத்துத் தன் பெயரை எழுதுவார். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மூன்றாம் நாள் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

அவர் பாடாதவர் அல்ல. காலையில் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தொடங்குவார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவள். துணி அலசும்போது அவள் கட்டிப் பாடிய பாட்டு அது.

*தொட்டி மேல நுரையிருக்கு*
*நுரை மேல வானவில்லு*
*எட்டி நான் பிடிக்கப்போனா*
*ஈரங்கைதான் மிச்சமடி*

முப்பது வருஷமாகக் கல்லாவில் வாடிக்கையாளர்களைப் பார்த்தபடி, முதுகுப் பக்கமிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டே அக்காவின் காலை விடியும். வந்தவர்கள் எத்தனையோ பேர் பாடினார்கள். அந்தக் குரலுக்கு ஒன்றும் ஈடில்லை என்று அவளுக்குத் தோன்றும். புருஷனிடம் சொல்லமாட்டாள். சொன்னால் அந்த மனுஷன் வாயை மூடிக்கொள்வார் என்று தெரியும்.

இந்த வருஷம் அவள் ஒரு காரியம் செய்தாள். ஆறாவது ஞாயிறுக்கு அவர் பெயரைத் தானே எழுதினாள், சாக்பீஸால் அல்ல. அச்சுக்குக் கொடுத்த நிகழ்ச்சி நிரலிலேயே போட்டுவிட்டாள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சில் ஏறியதை ஈரத்துணியால் துடைக்க முடியாதல்லவா, அதுதான் கணக்கு.

நோட்டீஸ் வந்த அன்று அவர் அதை எடுத்துப் படித்தார். மடித்தார். அன்றைக்கு அவர் தேய்த்த பேன்ட்டுகளில் எல்லாம் ஒரு காலுக்கு இரண்டு மடிப்பு விழுந்திருந்தது.

“என்னடி பண்ணி வெச்சிருக்க?” என்றாள் நாத்தனார். “அவன் மூணாம் கிளாஸ்ல மேடை ஏறினவன், மைக்கைப் பிடிச்சுட்டு ‘அம்மா, தண்ணி’ன்னு கேட்டான். அதுக்கப்புறம் கல்யாண மேடையைத் தவிர எதுலயும் ஏறலை. அதுலயும் உன்னைப் பார்த்து முழிச்சுட்டுதான் நின்னான்.”

“அண்ணி, அவரு குரல் உங்களுக்குத் தெரியாதா?”

“குரல் தெரியும். அவனையும் தெரியும்.”

வியாழக்கிழமை கடையடைத்ததும் அக்கா அவரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். நாற்பது காலி நாற்காலி. “யாருமே இல்லைங்க. நான் மட்டும்தான். சும்மா ஒரு தரம்” என்றாள்.

அவர் மேடையில் ஏறினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டினார். “தொட்டி மேல...” என்றார். நின்றுவிட்டார்.

“நுரையிருக்கு” என்று அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

“தெரியுது. வரலை.”

“காலையிலதானே பாடினீங்க?”

“காலையில வந்துச்சு.” அவர் மேடையை விட்டு இறங்கினார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “உன் பேரு கெட்டுப்போகும்னுதான் பாக்குறேன்” என்றார். தன் பெயர் கெட்டால் கெட்டுப்போகட்டும் என்றிருந்தது அக்காவுக்கு. இந்த மனுஷனை நாற்பது பேர் முன்னால் வாயடைத்து நிற்க வைக்கப்போகிறோமே, அவரைக் கேட்காமல் தானே செய்த வேலையாயிற்றே என்று இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாவது ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. மூன்று மணிக்கெல்லாம் கச்சேரிக்காரர்கள் வந்துவிட்டார்கள். புருஷன் தந்தி வாத்தியம் வாசிப்பவர், பெண்சாதி மேளம். அவள் மேளத்தை உறையிலிருந்து எடுத்து ஒரு தட்டு தட்டினாள். ஈரத்தலையணையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

“அக்கா, மழையில தோல் தொய்ஞ்சு போச்சு. கொஞ்சம் சூடு காட்டணும். கிடைக்குமா?”

“லாண்டரிக்கு வந்து சூடு கிடைக்குமான்னு கேக்கறியே! கீழ போம்மா, வேணுங்கற அளவு இருக்கு.”

மேளக்காரி கீழே போனாள். மேலே கூட்டம் சேர்ந்தது. மூன்றே முக்காலுக்குச் சுழல் நாற்காலி உள்பட எல்லாம் நிறைந்துவிட்டது. இஸ்திரிக்காரரைத்தான் காணோம்.

“எங்கேடி அவன்?” நாத்தனார் காதோடு கேட்டாள்.

“கீழ பத்துச் சட்டை பாக்கி இருக்காம். முடிச்சுட்டு வரேன்னாரு.”

“ஞாயித்துக்கிழமை என்ன பாக்கி? ஓடிட்டான்!”

அப்போது மேளக்காரி படியேறி வந்தாள். மேளம் சூடேறி இறுகியிருந்தது, அவள் முகம் மலர்ந்திருந்தது. அக்காவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“அக்கா, கீழ பாடறாரே, அவருதான் இன்னைக்கு முன்பாட்டா?”

“பாடறாரா?”

“என்னமா பாடறாரு! நான் வந்ததைக்கூடப் பாக்கலை. அந்தப் பாட்டுக்குத் தாளம் எங்க இருக்குன்னு தேடினேன். சட்டையில இருக்குக்கா.”

“சட்டையிலயா?”

“காலர்ல முதல் அடி. மணிக்கட்டுப் பட்டைக்கு ரெண்டாவது. நீளக் கைக்கு இழுத்துப் பாடறாரு. முதுகுக்கு ஒரு சுத்து. பட்டன் வர்ற இடத்துல குட்டிக் குட்டியா வெட்டி வெட்டி. சட்டை முடிஞ்சா பாட்டு முடியுது. பெட்டியைக் கையில எடுக்காம அந்த மனுஷனால பாட முடியாது.”

அக்கா அப்படியே நின்றாள். முப்பது வருஷம் கேட்டிருக்கிறாள், ஒரு நாள் திரும்பிப் பார்த்ததில்லை. வாடிக்கையாளரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப மேசையை மேல தூக்கிட்டு வந்துரலாமா?” என்று தபால்காரர் எழுந்தார்.

“அந்தப் பெட்டியை மேல சொருகினா கட்டடத்துக்கே கரன்ட் போயிரும். போன வருஷம் பாத்தோமே” என்றாள் அக்கா.

நாத்தனார் கண் மின்னியது. “நான் சொல்றதைக் கேளு. எல்லாரையும் செருப்பைக் கழட்டச் சொல்லு. சத்தமில்லாம ஒவ்வொருத்தரா இறக்கறேன். அவன் சுவத்தைப் பாத்துத்தானே தேய்ப்பான்? ஒண்ணும் தெரியாது. பாடி முடிச்சதும் கையைத் தட்டுவோம்.”

நல்ல யோசனைதான். அக்காவின் கால் படியை நோக்கி ஓர் அடி வைத்தும்விட்டது. பிறகு நின்றது.

“வேணாம் அண்ணி. ஏற்கெனவே ஒரு தரம் கேக்காம பண்ணிட்டேன்.”

தனியாகக் கீழே இறங்கினாள். இஸ்திரி மேசைக்கு முன் வேட்டியும் பனியனுமாக அவர் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டைகள் ஏழு தொங்கின. அவளைக் கண்டதும் பாட்டு நின்றது.

“வந்துட்டேன், இன்னும் மூணுதான்” என்றார், பொய் சொல்லும் பிள்ளை போல.

“நீங்க மேல வர வேணாம்.”

“கோவமா?”

“உங்களைக் கேக்காம போட்டது தப்பு. மேல போயி, இன்னைக்கு முன்பாட்டு இல்லைன்னு நானே சொல்லிடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க இங்கயே, இப்படியே வேலை பாருங்க. அவங்க கீழ வந்து நிக்கட்டுமா? வேணாம்னா வேணாம். இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது.”

அவர் பெட்டியைத் தாங்கியில் நிறுத்தினார். அது ‘புஸ்’ என்று ஆவி விட்டது.

“எத்தனை பேரு?”

“நாப்பது. நாயைச் சேத்தா நாப்பத்தொண்ணு.”

“நான் திரும்ப மாட்டேன்.”

“திரும்ப வேணாம்.”

“முதுகைத்தான் பாப்பாங்க.”

“நான் முப்பது வருஷமா அதைக்கூடப் பாக்கலை.”

அவர் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். “அந்த நீலச் சட்டையை எடு” என்றார்.

நாத்தனார் இறக்கினாள் கூட்டத்தை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட்டத்திடம் கிசுகிசுத்தாள். “உள்ள தள்ளி... உள்ள தள்ளி...” தொங்கும் துணிகளுக்கு நடுவே, கூடைகளின் மேல், இயந்திரங்களில் சாய்ந்துகொண்டு, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நின்றார்கள். சோப்பு வாசனையும் சூடும் எல்லோரையும் ஒன்றாகப் போர்த்தியது.

அவர் காலரை விரித்தார். பெட்டி நகர்ந்தது. குரல் எழுந்தது.

சட்டைக் கைக்கு வரும்போது மேளக்காரி விரல் நுனியால் மட்டும் சேர்ந்துகொண்டாள். அவர் தோள் ஒருமுறை திடுக்கிட்டது, பிறகு தளர்ந்தது. பல் டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம், “அது என் சட்டை” என்று பெருமையாக முணுமுணுத்தார். “ரசீதோட நாளைக்கு வாங்க, இப்ப வாயை மூடுங்க” என்றாள் நாத்தனார். பட்டன்களைச் சுற்றிச் சொற்கள் துள்ளித் துள்ளிப் போயின. சட்டை முடிந்தது, பாட்டும் முடிந்தது. அவர் அதை மாட்டியில் போட்டுத் தொங்கவிட்டார்.

கைதட்டலில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. “இன்னொண்ணு அண்ணே! கொஞ்சம் பெரிசா எடுங்க!” என்று தபால்காரர் கத்தினார்.

அவர் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். அக்கா கூடையில் துழாவினாள். கையில் வந்தது இரட்டைக் கட்டில் பெட்ஷீட்.

அவர் அதைத் தேய்த்தபடி பாடத் தொடங்கினார். பெட்ஷீட்டுக்குத் தனிப் பாட்டு இருந்தது. கடையில் அவர் அதைப் பாடியதே இல்லை, அக்காவே கேட்டதில்லை. ஆஸ்பத்திரித் துணி எல்லாம் பெட்ஷீட்தானே, அம்மாவின் நீளப் பாட்டு அதற்குத்தான் என்பது நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. கூடை மேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். பெட்ஷீட்டை ஒருவர் மடிக்க முடியாது. அவள் போய் இரண்டு முனையைப் பிடித்தாள். அவர் மற்ற இரண்டு முனையைப் பிடிக்கத் திரும்பினார்.

திரும்பியவர் நாற்பது முகத்தையும் பார்த்துவிட்டார். வாய் திறந்தபடி நின்றது.

விட்ட இடத்திலிருந்து நாத்தனார் எடுத்தாள், கண்டக்டர் குரலில், சுதி அங்கே இங்கே போக. ஒரு மடிப்பு மடித்துத் தம்பியை நோக்கி நடந்தாள். முனையோடு முனை சேர்ந்தபோது அவர் வாயிலிருந்து அடுத்த அடி வந்தது. விலகினார்கள், மடித்தார்கள், சேர்ந்தார்கள். நாலு மடிப்புக்கு நாலு அடி. கடைசியில் அவர் பார்த்தது கூட்டத்தைத்தான், சுவரை அல்ல.

கச்சேரி மேலே ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. கீழே இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவர் மீதி இரண்டு சட்டையைக் கூடையில் போட்டார்.

“அடுத்த வருஷம் கேட்டுட்டுப் போடு.”

“கேட்டா என்ன சொல்வீங்க?”

“வேணாம்னுதான் சொல்வேன்.”

“அப்புறம்?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே படியில் கால் வைத்தார். “அப்புறம் இன்னொரு தரம் கேளு.”