கொஞ்சம் கூடுதலான ஸ்மார்ட்

கல்யாணத் தரகர் ஹமீட் காக்கா ஏறியிறங்காத வீடு ஏறாவூரில் இல்லை. காத்தான்குடி மாப்பிள்ளை ஒருவனைப் பற்றிச் சொல்ல வந்தவர், சரீபின் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்ததும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

"மாப்புள நல்ல ஸ்மார்ட்."

வியாபாரத்தில் யாரும் ஏமாற்ற முடியாத ஆள் என்று சரீபுக்கு விளங்கியது. அவர் மனைவி நஸீறாவின் கண்ணுக்குள் தொப்பையில்லாத, அயர்ன் பண்ணிய சேர்ட் போட்ட ஒருவன் வந்து நின்றான். மகள் பஸ்னா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். புத்திசாலி என்று எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

"அவங்களும் ஸ்மார்ட்டான பொண்ணுதான் கேக்கிறாங்க," என்றார் ஹமீட்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை ஹில்மி உயரமாக, அத்தர் வாசத்தோடு இருந்தான். நஸீறாவுக்கு அந்த இடத்திலேயே மனம் நிறைந்துவிட்டது. அவனுடைய உம்மா றுமானா, மகன் கட்டாரில் மனேஜர் என்பதை வந்த நேரம் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேச்சை வளர்க்கத்தான் பஸ்னா கேட்டாள்.

"உங்களுக்குக் கீழ எத்தின பேர் வேல செய்றாங்க?"

ஹில்மி உம்மாவைப் பார்த்தான். பிறகு சுழலும் ஃபேனைப் பார்த்தான்.

"ஒருத்தருமில்ல. ஸ்டோர்ல நான் மட்டுந்தான். கதவில மனேஜர் எண்டு எழுதியிரிக்கி."

பஸ்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். றுமானா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

மறுநாள் ஹமீட் வாசலிலேயே நின்று சொன்னார்: "பொண்ணு ஓவர் ஸ்மார்ட்டாம். வேணாமாம்."

"ஸ்மார்ட்டான புள்ளதானே கேட்டாங்க?" என்றார் சரீப்.

"அது வேற ஸ்மார்ட், தம்பி. அவங்க கேட்டது பாக்கிறத்துக்கு. இவ வாயில காட்டிட்டா."

"இங்கிலீஷ் டீச்சர்ர கேள்வியெல்லாம் பள்ளிக்கூடத்தோட வெச்சிக்கிட்டா என்ன?" என்று நஸீறா மகளைப் பிடித்துக்கொண்டார். பஸ்னா குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். காந்துகிற எரிச்சலுக்கும் இங்கிலீஷில் ஸ்மார்ட் என்ற அதே சொல்தான். அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்த அர்த்தம் அது. அன்று முழுக்க அவள் நெஞ்சு காந்தியது.

இரண்டொரு நாளில் ஹில்மி தனியாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"மாமா, வேணாம் எண்டது உம்மாட முடிவு. ஊருக்கு வந்த நாள் தொட்டு மனேஜரா நடிச்சிக் களைச்சிட்டன். உங்கட மகள் கேட்ட பிறகுதான் மூச்சு வந்திச்சி."

சரீப் மகளைக் கூப்பிட்டார். அவள் கதவோரம் நின்றபடியே கேட்டாள்:

"இத உங்கட உம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை.

"முதல்ல அங்க சொல்லிட்டு வாங்க," என்றாள்.

போனான். றுமானாவைச் சம்மதிக்க வைக்க நோன்பு மாதம் முடியும்வரை பிடித்தது. சம்மதித்த பிறகோ, இப்படியொரு மருமகளைத் தேடிக் கண்டுபிடித்ததே தான்தான் என்று காத்தான்குடி முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதை மறுத்த ஒரே ஆள் ஹமீட் காக்கா.