ஆட்டுக்குச் சவரம்

இன்பாஸுக்குத் தெரிந்த ஒரே டேனிஷ் வாக்கியம் ஆட்டைப் பற்றியது. அதையும் முதலில் பிழையாகத்தான் சொல்லித் திரிந்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தில், கோதுமைக் கப்பல்கள் வந்து கட்டும் தனியார் இறங்குதுறை ஒன்றில் அவன் பதினொரு வருடமாக மெக்கானிக். கப்பலுக்குள்ளிருந்து கோதுமையை உறிஞ்சிக் கரைக்கு ஏற்றும் பெரிய இயந்திரத்தின் கியர்பொக்ஸ் பெப்ரவரியில் உடைந்துபோனது. டென்மார்க்கிலிருந்து புதியது வந்தது. கூடவே, அதைப் பூட்டிக் கொடுக்க டோபன் என்ற ஐம்பது வயதுக்காரரும் வந்தார். அவருடன் வேலை செய்ய இன்பாஸை விட்டார்கள். அரைகுறை ஆங்கிலத்திலும் கைச்சைகையிலும் இருவருக்கும் கதை ஓடியது.

மூன்றாம் நாள், துருப்பிடித்து இறுகிக் கிடந்த பழைய அச்சைக் கழற்ற முழுப் பகலும் போனது. கடைசியில் அது கழன்று விழுந்ததும் டோபன் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, “ஸோ எ தென் கேத் பபேயத்” என்றார். என்ன அது என்று இன்பாஸ் கேட்டான். அந்த ஆட்டுக்குச் சவரம் பண்ணியாச்சு என்று அர்த்தம் என்றார் அவர். இன்பாஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கிண்ணியாவில் அவன் வீட்டைச் சுற்றி ஆடுகள்தான். எந்த ஆட்டுக்கும் யாரும் சவரம் பண்ணி அவன் கண்டதில்லை. ஏன் ஆடு என்று கேட்டதற்கு, அது தனக்கும் தெரியாது, தன் தகப்பனும் அப்படித்தான் சொல்லுவார் என்றார் டோபன்.

அன்றிலிருந்து இன்பாஸ் எதற்கெடுத்தாலும் அதையே சொன்னான். தேநீர் குடித்து முடித்தாலும் சொன்னான், வண்டி ஸ்டார்ட் ஆனாலும் சொன்னான். டோபன் முதலில் சிரித்தார். புதிய கியர்பொக்ஸைத் தூக்கி அதன் பீடத்தில் வைத்த உடனே அவன் அதைச் சொன்னபோதுதான் அவர் தலையை ஆட்டி மறுத்தார். வேலை கஷ்டமானதாக இருக்க வேண்டும், அதோடு முழுதாக முடிந்திருக்கவும் வேண்டும் என்றார். போல்ட்களை இறுக்கி, பாரம் ஏற்றி ஓட்டி, சூடு ஆறவிட்டு, திரும்பவும் இறுக்கிப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்லலாம். அதற்கு முன்னர் சொன்னால் அது வெறும் பொய். இன்பாஸ் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சரி என்றான்.

ஆறாம் நாள் டோபனுக்கு வெயில் பிடித்துக் காய்ச்சல். ஹோட்டல் அறையில் படுத்துவிட்டார். கியர்பொக்ஸின் அடியில் பதினாறு போல்ட்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து காட்டும் சாவியால்தான் எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். உள்பக்கத்து நாலு போல்ட்களுக்கு அந்தச் சாவி நுழையவில்லை. நுழைப்பதற்கு ஒரு நீட்டுத் துண்டு பெட்டியில் இருந்தது. அதைத் தேடி எடுக்கப் பஞ்சிப்பட்டு, சாதாரண ஸ்பேனரின் பிடியில் ஒரு பைப்பைச் செருகி, கைக்கு ஏலுமானவரை முறுக்கிவிட்டான் இன்பாஸ். மறுநாள் டோபன் கேட்டபோது பதினாறும் முடிந்தது என்றான்.

இயந்திரம் நன்றாகவே ஓடியது. டோபன் ஊருக்குப் பறந்தார். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ஒரு நாள் ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்களை மீண்டும் சரிபார்த்து இன்பாஸ் சொல்ல வேண்டும்; அதை வைத்து டோபன் முடிவறிக்கையில் ஒப்பமிடுவார்.

சரிபார்க்கும் காலை, கொட்டியாரக் குடாவில் ஒரு கோதுமைக் கப்பல் நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. பொறுப்பான பொறியியலாளர் சோமசேகரம் பத்து மணிக்கு அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். இன்பாஸ் குனிந்து வெளிப்பக்கத்துப் பன்னிரண்டையும் பார்த்தான். அசையவில்லை. இந்த முறை நீட்டுத் துண்டைப் போட்டு உள்பக்கத்துக்குப் போனான். முதலாவது போல்ட் பிடிக்காமல் சும்மா சுற்றியது. மற்ற மூன்றும் அப்படியே. பைப் போட்டு முறுக்கியதில் அவற்றின் மரை தேய்ந்து போயிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு கப்பல், ஏன் இரண்டு கப்பல்கூடத் தாங்கும் என்று அவன் மனம் சொல்லியது. அவன் அப்படியே குந்தியிருந்தான்.

சோமசேகரம் மூன்றாம் தடவையும் வந்தார். டோபனை வீடியோவில் எடுத்து, போனை அவனிடம் நீட்டினார். டோபன் சிரித்த முகத்தோடு, ஆட்டுக்குச் சவரம் முடிந்ததா என்று தன் மொழியிலேயே கேட்டார். அவன் சொல்லக் காத்திருந்த வசனம். நாக்கில்தான் இருந்தது.

“நை,” என்றான் இன்பாஸ். டோபன் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும், ‘இல்லை’ என்று அர்த்தமான ‘இக்க’வையும் வசனத்துக்குள் சேர்த்துக்கொண்டான். “தென் கேத் எ இக்க பபேயத்.”

டோபனின் சிரிப்பு நின்றது. சோமசேகரம், “என்ன சொல்லுறீர்?” என்று கேட்டார்.

“வேலை முடியல்ல சேர். நாலு போல்ட் பழுது. ஓட்ட ஏலா.”

“நேற்று முழுக்க ஓடினதுதானே?”

“ஓடினது சேர். ஆனா அத நான்தான் பைப் போட்டு இறுக்கினனான். அவருக்குச் சொல்லவும் இல்ல.”

பிறகு அதையே டோபனுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். டோபன் ஏசவில்லை. படம் எடுத்து அனுப்பச் சொன்னார், பார்த்தார், நாலையும் மாற்றும்வரை இயந்திரத்தைத் தொடக்கூடாது என்றார். சோமசேகரம் போனை வாங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பாராமலே அலுவலகத்துக்கு நடந்தார்.

போல்ட்கள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து சேர இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும் கப்பல் குடாவிலேயே கிடந்தது; சோமசேகரம் இன்பாஸோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வீட்டில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போய்விடுமா என்று மனைவி ஷிஃபானா கேட்டாள். தெரியாது என்றான்.

போல்ட்கள் வந்ததும் நாலையும் மாற்றினான். அளவுச் சாவியில் நீட்டுத் துண்டைப் பூட்டி ஒவ்வொன்றையும் இறுக்கினான். பாரம் ஏற்றி ஓட்டினார்கள். சூடு ஆறியதும் பதினாறையும் திரும்பவும் பார்த்தான். எதுவும் அசையவில்லை. சோமசேகரம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு டோபனுக்கு எடுத்தார்கள். இன்பாஸ் போனை வாங்கி, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக, “ஸோ எ தென் கேத் பபேயத்” என்றான்.

டோபன் சிரித்தார். உச்சரிப்பு இன்னும் மோசம்தான், ஆனால் சொன்ன இடம் சரி என்றார். அன்று மத்தியானமே அறிக்கை வந்தது.

கப்பல் கரைக்கு வந்து கோதுமை இறங்கத் தொடங்கிய பிறகு சோமசேகரம் அவனைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். பைப் போட்டதற்கும், முடிந்தது என்று பொய் சொன்னதற்கும். இன்பாஸ் வாசித்துவிட்டு ஒப்பமிட்டான்.

“நீர் சொல்லாமல் விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார் சோமசேகரம். “அதையும் கீழ எழுதியிருக்கிறன். வாசிச்சனீரா?”

“ஓம் சேர்.”

பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம் கடந்து வீட்டுக்குப் போனான். ஷிஃபானா கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். வேலை போகவில்லை என்பது விளங்கியதும், அதை அலுமாரியில் வைத்துவிட்டு அவனுக்குச் சோறு போட்டாள். அன்று அவன் இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டான்.