நின்றால் மறையும் வளைவு

மதியத்துக்கு மேல் சலூன் தரை இளகத் தொடங்கும். மற்றவர்களுக்கு அது வெறும் தரை. முடி வெட்டும் அவளுக்கு மட்டும் ஈர மணல். நிற்க நிற்க உள்ளே இறங்குவாள். கணுக்காலின் உள்பக்கம் எரியும். கண்ணாடிகளில் தலைகள் மிதக்கும். அவளும் மிதப்பாள், இடுப்புவரை. பாதம் தெரியும் அளவுக்கு அங்கே எந்தக் கண்ணாடியும் கீழே இறங்கவில்லை.

ஒரு நாள் மூலையில் கிடந்த சக்கர ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். கடைக்கார அக்கா வந்து நின்றாள்.

"என்னம்மா, மகாராணி தர்பாரா?"

"கால் வலிக்குதுக்கா."

"எங்க, காட்டு."

உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். நடுவில் அழகாக வளைந்த பாதம்.

"பொம்மைக் காலாட்டம் இருக்கு. இதுல என்ன வலி? நின்னு வெட்ட முடியலைன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன்."

வீட்டிலும் அதே கதைதான். கணவன் லாரி மெக்கானிக். அவள் காலை மடியில் போட்டு, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வீக்கம்கூட இல்ல. வேலைக்குப் போகப் பிடிக்கலைன்னா நேரா சொல்லேன்."

நாலு பேர் சொன்னால் ஆடும் நாயாகும். தன் வலி நிஜமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தூக்கத்தில் பாதமே இல்லாமல் தண்ணீர்மேல் நடந்தாள். வலிக்கவில்லை. விழித்தபோது அழத் தோன்றியது.

பிசியோதெரபிஸ்டிடம் அவள் போனபோது கணவனும் வந்தான், பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க. இவள் நீட்டிய காலை அந்தப் பெண் பார்க்கவே இல்லை.

"எழுந்து நில்லுங்க."

நின்றாள். வளைவு சத்தமில்லாமல் அமுங்கிப்போனது. உள்ளங்கால் முழுக்கத் தரையில் படிந்தது, கணுக்கால் உள்ளே சாய்ந்தது.

"இப்ப கால் விரலை ஊனி எக்குங்க."

வளைவு திரும்பி வந்தது.

"தட்டைப் பாதம். ஆனா விறைப்பா இல்ல, வளைஞ்சு கொடுக்குது. நிறைய பேருக்கு இருக்கு, வலிக்காட்டி கண்டுக்கவே வேணாம். உங்களுக்கு அதைத் தாங்குற தசை களைச்சுப்போகுது. கெண்டைக்காலும் இறுகியிருக்கு."

சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, பின்பக்கம் உறுதியான ஷூ, உள்ளே வளைவைத் தாங்க ஒரு அட்டை, நடுநடுவே உட்காருவது. வைத்தியம் அவ்வளவுதான்.

"வளைவு புதுசா முளைக்காது. வலி குறையும்."

கணவன் மோவாயைச் சொறிந்தான். வெளியே வந்ததும் மெல்லச் சொன்னான்: "வண்டியை ஜாக்கியில தூக்கி வச்சுட்டு, பாரமே விழாம ஸ்பிரிங் பட்டை நல்லாருக்குன்னு சொல்லியிருக்கேன். பட்டறையில சொல்லிடாத, மானம் போயிடும்."

"மன்னிப்பு கேக்கறீங்களா?"

"கேட்ட மாதிரி வச்சுக்கோ."

மறுநாள் அவனே சலூன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அவள் ஸ்டூலை இழுத்து அவன் பின்னால் உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். அக்கா நிமிர்ந்தாள்.

"உக்காந்து வெட்டினா கோணலாப் போகும்."

"போகட்டுங்க, என் தலைதானே."

கத்தரி நிதானமாக நடந்தது. முடி நழுவி நழுவி விழுந்தது. முடிந்ததும் அக்கா கிட்டே வந்து அவன் பிடரியை விரலால் நீவிப் பார்த்தாள். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"பிடரி வெட்டும்போது உக்காந்துக்கோ. முன்னாடிக்கு எழுந்துக்கணும்."

"சரிக்கா" என்றாள் அவள், எழுந்திருக்காமல்.