இடது கெண்டைக்கால்

பைரோஜா மதுரைக்குப் போய் விளையாட்டு மசாஜ் படித்துவிட்டு வந்தது அவள் தெருவில் பல பேருக்குச் சிரிப்பாக இருந்தது. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் முகம்மது இஸ்மாயிலின் பெண்சாதிக்கு என்ன குறை, ஊரான் பிள்ளைகளின் காலைப் பிடித்துவிடப் போகிறாளே என்று பேசிக்கொண்டார்கள். இஸ்மாயிலும் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தபிறகு, "சரி, போயிட்டு வா" என்றார்.

அவளுக்கு அதில் ஒரு பழைய கோபம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பூப்பந்தில் மாவட்ட அணிவரை போனவள். முழங்கால் பிசகியபோது, சுளுக்கு எடுக்கிறேன் என்று ஒருவர் எண்ணெயைப் போட்டு முறுக்கிவிட்டதில் கால் கெட்டது. விளையாட்டும் அதோடு போயிற்று. முப்பத்தாறு வயதில், வாரம் மூன்று நாள் பஸ் பிடித்து மதுரைக்குப் போய் நான்கு மாதம் படித்தாள். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடிபட்ட அன்று என்ன செய்யலாம், பத்து நாள் கழித்து என்ன செய்யலாம், எப்போது கையே வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள். பரீட்சையில் அந்த வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான்.

பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த சொர்ணலட்சுமி அவளுக்குத் தெரிந்தவள். கபடி அணிக்கு வந்து பார்க்கச் சொல்லி அவளே கூப்பிட்டாள். பிள்ளைகள் ஒரே வாரத்தில் பைரோஜாவோடு ஒட்டிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் துண்டை விரித்து வரிசையாகக் குப்புறப் படுத்துவிடுவார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்து படுப்பவள் முத்துச்செல்வி.

முத்துச்செல்விக்குப் பத்தொன்பது வயது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பிள்ளை. அப்பா பெத்தணனுக்கு மானாவாரி நிலம் நான்கு ஏக்கர். மிளகாயும் மக்காச்சோளமும் போடுவார். அம்மா முத்துமாரியம்மாள் வெடிக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். காலேஜ் லீவு விட்டால் மகளும் அம்மாவோடு வேனில் ஏறிவிடுவாள். காலை எட்டு மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டாள். அப்படி உட்கார்ந்திருந்த கால்தானா இது என்று கேட்கும்படி, களத்தில் எதிர்ப்பக்கம் பாடிப் போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டாள்.

பொங்கல் கழிந்து மாவட்டப் போட்டி வந்தது. அரையிறுதிக்கு முந்தின நாள் மதியம் முத்துச்செல்வி கொஞ்சம் சாய்ந்து நடந்து வந்தாள்.

"அக்கா, இடது கெண்டைக்கால்ல ரெண்டு நாளா வலி. கல்லு மாதிரி இறுகிக்கெடக்கு."

பைரோஜா தொட்டுப் பார்த்தாள். இறுகித்தான் இருந்தது. கொஞ்சம் சூடாகவும் இருந்தது. காலுறையின் விளிம்பு வலது காலைவிட இடது காலில் ஆழமாகப் பதிந்திருந்தது. இதையெல்லாம் அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிறகு ஒருநாளும் அவளால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆனால் அப்போது சொர்ணலட்சுமி தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"பைரோஜா, நாளைக்கு இவ இல்லன்னா நம்ம ஆட்டமே இல்ல. எப்படியாச்சும் சரி பண்ணிவிடு."

அந்த வார்த்தையில் பைரோஜாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை ஏறியது. வெயிலில் ஆடிய காலில் சூடு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருந்தால் தொடாதே, டாக்டரிடம் அனுப்பு என்று எழுதிய நோட்டு வீட்டில் அலமாரியில் இருந்தது. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று அவள் கேட்கவில்லை. எண்ணெயைத் தேய்த்து, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புவரை அழுத்தி அழுத்தி இருபது நிமிஷம் நீவினாள். முத்துச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். முடிந்ததும் எழுந்து நாலடி நடந்து பார்த்துச் சிரித்தாள்.

"லேசாயிருச்சுக்கா."

மறுநாள் காலை மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா, மூச்சு அடைக்கி" என்றாள். பைரோஜா ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் சரிந்து விழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது. ஆஸ்பத்திரியும் பக்கம்தான். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று.

டாக்டர் வெளியே வந்து, "ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாளா?" என்று கேட்டார். சொர்ணலட்சுமி முத்துச்செல்வியின் பையைக் கொட்டிப் பார்த்தாள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை, பத்து நாளாகச் சாப்பிட்ட அட்டை, அதில் இருந்தது. காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது, இந்த மாத்திரையால் சில பேருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். காலில் வலி இருந்ததா என்று அவர் கேட்டபோது சொர்ணலட்சுமி, "சாதாரணத் தசைப்பிடிப்புன்னு நெனைச்சோம் சார்" என்றாள். பைரோஜா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் சொர்ணலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். "உன் பேரு எதுலயும் வரல. அப்படியே இருக்கட்டும். நீ பேசினா உனக்கும் கேடு, எனக்கும் கேடு."

மூன்று நாள் கழித்து பைரோஜா மதுரையில் தனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்குப் போன் போட்டாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீக்கம் ஒரு கால்லதானே? ரெண்டு காலையும் அளந்து பார்த்தியா?" என்றார். பைரோஜா அழுதாள்.

"நீ நீவினதாலதான் கட்டி நகந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. நீவாம இருந்தா பிழைச்சிருப்பான்னும் சொல்ல முடியாது. ஆனா நீ அன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பைரோஜாவுக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. சோறு பிசையும்போது கட்டைவிரலைப் பார்த்தால் அப்படியே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவாள். ஒன்பதாம் நாள் இஸ்மாயிலிடம் நடந்ததையும், முத்துச்செல்வியின் வீட்டுக்குப் போக நினைப்பதையும் சொன்னாள். "போகணும்னு தோணுச்சுன்னா போ. நான் கூட வரட்டா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாத்தூர் வழியாகப் பஸ் ஏறினாள்.

வாசலில் பெத்தணன் உட்கார்ந்திருந்தார். "வாங்க, பாயம்மா" என்று எழுந்தார். "எம்மக உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பா. உள்ள போங்க. அவ ஆத்தா ஒம்பது நாளா பச்சத்தண்ணியத் தவிர ஒண்ணும் தொடல."

உள்ளே முத்துமாரியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். சரம் பின்னிப் பின்னி அவள் விரலிடுக்கில் ஏறியிருந்த வெடிமருந்துச் சாயம் இன்னும் போகவில்லை. பைரோஜா வந்தது தெரிந்ததும் திரும்பி உட்கார்ந்தாள்.

"நாந்தான் வாங்கிக் குடுத்தேன் பாயம்மா. கோயில் கொடை, திருவிழான்னா நாங்க எல்லாரும் திங்கிற மாத்திரைதான். போட்டியன்னிக்குத் தள்ளிப்போகட்டும்னு, இந்தக் கையாலதான் குடுத்தேன். பெத்த கையே கொன்னுருச்சே."

"அப்படிச் சொல்லாதீக மதினி" என்றாள் ஒரு பெண். ஒன்பது நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் குரலிலேயே சலிப்பு இருந்தது.

பைரோஜா ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அம்மா, முந்தின நாள் அவ கால் வீங்கியிருந்துச்சு. சூடா இருந்துச்சு. அப்படி இருந்தா தொடக் கூடாதுன்னு நான் படிச்சிருக்கேன். படிச்சிருந்தும் நான்தான் நீவிவிட்டேன். டாக்டர்கிட்ட அனுப்பியிருந்தா பிழைச்சிருக்கலாம். அனுப்பல."

முத்துமாரியம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு சேலையை முழங்கால்வரை ஏற்றி, இடது காலை நீட்டினாள்.

"எங்கன பிடிச்சீக? எம்மேல காட்டுங்க."

"வேணாம்மா."

"காட்டுங்கன்னா."

பைரோஜா மண்டியிட்டாள். முத்துமாரியம்மாளின் கெண்டைக்காலில் இரண்டு கட்டைவிரலையும் வைத்தாள். மெல்ல மேலே இழுத்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இல்ல. இதவிட அழுத்தி."

"அழுத்துங்க."

அழுத்தினாள்.

"எம்புட்டு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"அழுதாளா?"

"அழல. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா. கடைசியில லேசாயிருச்சுக்கான்னு சொன்னா."

அதைக் கேட்டதும் முத்துமாரியம்மாள் அந்தக் காலாலேயே அவள் நெஞ்சில் ஓங்கி உதைத்தாள். பைரோஜா மூலையில் இருந்த தானியக் குதிரின்மேல் போய் விழுந்தாள். "எந்திரிச்சுப் போ! படிச்சவளாம் படிச்சவ! எம்பிள்ளைய உருவி உருவிக் கொன்னுட்டு எங்கிட்டயே வந்து சொல்றியா! நீ விளங்குவியா? நாசமாப் போவே!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். ஒன்பது நாள் எழுந்து நிற்காதவள் வாசல்வரை விரட்டிக்கொண்டு வந்தாள். பெண்கள் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

பெத்தணன் பஸ் நிற்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தார். பஸ் வந்தபோது, "இனிமே இங்கன வராதீக" என்று மட்டும் சொன்னார்.

செய்தி பரவியது. சொர்ணலட்சுமிக்குக் கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். பைரோஜாவையும் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள்; எதையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். சொர்ணலட்சுமி அதற்குப்பிறகு கடைத்தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கபடிப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. தெருவில் முன்னே சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாசிக் கடைசியில் பெத்தணன் வத்தல் மூட்டைகளோடு இஸ்மாயிலின் கடைக்கு வந்தார். மூட்டையை இறக்கியபிறகு, "வீட்டுல பாயம்மாவ ஒரு நிமிஷம் பாக்கணும்" என்று கேட்டாராம். இஸ்மாயில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பைரோஜா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உட்காரவில்லை.

"எம் வீட்டுக்காரி போன வாரத்துல இருந்து வேலைக்குப் போறா" என்றார்.

"சாப்பிடுறாகளா?"

"சாப்பிடுறா. தட்டு முன்னால உக்காந்ததும் உங்களத்தான் ஏச ஆரம்பிப்பா. ஏசிக்கிட்டேதான் ஒவ்வொரு வாயா உள்ள போகுது. மாத்திரைப் பேச்ச இப்ப எடுக்கிறதில்ல."

பைரோஜா நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னிக்காச்சும் அவ ஏசுறது நின்னுபோச்சுன்னா எனக்குத்தான் பயம்" என்றார் பெத்தணன். "நீங்க செஞ்சத நான் மன்னிச்சேன்னு சொல்ல வரல, பாயம்மா. அது என்னால ஆகாது. இத மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இஸ்மாயில் கண்ணைக் காட்டினார். பைரோஜா கொண்டுவந்து கொடுத்தாள். பெத்தணன் சொம்பை வாங்கிக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.