வலப்பக்கக் கம்பி

முப்பத்தொரு வருஷம் பிறர் போட்ட எஸ்டிமேட்டை அடித்தே சாப்பிட்டவன் நான். பாலமோ பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரிக் கழிப்பறையோ, கட்டப்போகிறவர்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியல் என் மேசைக்கு வந்தாக வேண்டும். வேண்டாத வரியைத் தேடிப் பிடித்துச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். நான் கோடு போட்ட வரி உயிர்த்தெழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் எனக்கு ஒரு டஜன் சிவப்புப் பென்சில் பரிசளித்தார்கள். கிண்டல்தான், ஆனாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

ஆகவே எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் நீச்சல் குளம் கட்டுவதற்கான திட்டம் பன்னிரண்டு பக்கத்தில் வந்து சேர்ந்தபோது எனக்குக் கை துறுதுறுத்தது.

குளம் ஆடம்பரத்துக்கு இல்லை. ஆறு மாதத்துக்கு முன் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைப்பாள், ஐந்தாவது எட்டுக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சளவு தண்ணீரில் நடந்தால் உடம்பின் பாரம் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும், தினமும் அப்படி நடந்தால் கால் பழகிவிடும், இந்த வருஷத்துக்குள் நடக்காவிட்டால் பிறகு சக்கர நாற்காலிதான் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். பொதுக் குளத்தின் இரும்பு ஏணியில் அவளால் இறங்க முடியாது. அதனால்தான் சேமிப்பைத் தொட்டோம்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு காலத்தில் பத்து மீட்டர் உயரப் பலகையிலிருந்து டைவ் அடித்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், எத்தனையோ சாயங்காலம் குளத்தின் கரையில் அவளுடைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பலகை நுனியில் ஒரு கணம் நிற்பாள். பிறகு அந்த உடம்பு காற்றில் மடிந்து, நிமிர்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போய்விடும். அவள் தலை வெளியே தெரிகிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. நாற்பது வருஷமாகியும் அந்தப் பிரமிப்பு தீரவில்லை. இப்படி ஒருத்தி எப்படி எனக்கு வாய்த்தாள் என்று இன்றைக்கும் திகைப்பேன்.

அதனால் முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், ஒரு பக்கம் பத்தடி ஆழம், ஓரத்தில் சின்னதாக ஒரு பலகை என்று கேட்டிருந்தேன். முதலில் நடக்கட்டும், பிறகு ஒருநாள் குதிப்பாள். பழைய அவளை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

கட்டித் தரப்போகிற பெண்ணுக்குத் தொழிலில் ‘ரசமட்டம்’ என்று பெயர். சுவரைக் கண்ணால் பார்த்தே சாய்வைச் சொல்லிவிடுவாராம், கொத்தனார்கள் வைத்த பட்டம். நாற்பது வயதிருக்கும், வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசுவார். இடத்தைப் பார்க்க வந்த அன்று, “டேப்பைக் கொஞ்சம் பிடிங்க சார்” என்று என்னைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தார். சாக்கடைக் குழாயின் வரைபடத்தைத் தேடி நான் மாடிக்குப் போய் வருவதற்குள் என் மனைவியோடு சமையலறையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எனக்குச் சுருக்கென்றது. நீளம் முப்பதடி சரி. அகலம் ஆறடி. ஆழம் மூன்றே முக்காலடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். பலகையைக் காணவே காணோம். இது நீச்சல் குளமா மாட்டுத் தொட்டியா என்று மனைவியிடம் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுசாகப் படியுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

படித்தேன். சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன், அப்படி ஒரு பட்டியலை என் உத்தியோக காலத்தில் நான் பார்த்ததில்லை. தோண்டும் மண் எவ்வளவு, அது எங்கே போகும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறினால் காலித் தொட்டியை அது மேலே தூக்கிவிடும், அதற்கு என்ன காப்பு, எல்லாம் இருந்தது. படிக்குப் பதில் சரிவு. வழுக்காத ஓடு, அதுவும் ஈரக் காலால் நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்று குறிப்பு. மூன்று தடவை கூட்டிக் கழித்தேன். ஒரு ஓடு கூடுதல் இல்லை, ஒரு ஓடு குறைச்சல் இல்லை. பென்சில் சும்மா கிடந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, எழுந்து கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது.

பதினேழாவது வரியில் மாட்டினார். கைப்பிடிக் கம்பி, இடப்பக்கம் முப்பதடி. கைப்பிடிக் கம்பி, வலப்பக்கம் முப்பதடி. நடக்கப்போவது ஒருத்தி. அவளுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன, திரும்பி வரும்போது கையை மாற்றிப் பிடித்தால் போயிற்று. இரண்டாவது கம்பி எதற்கு? போதாக்குறைக்கு அளவிலும் பிழை. இடக் கம்பி தரையிலிருந்து முப்பத்தெட்டு அங்குலம், வலக் கம்பி நாற்பத்து மூன்று. யானைக்கும் அடி சறுக்கும் என்று மனம் குளிர்ந்து, வலப்பக்கக் கம்பியின் மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தேன். உடனே போன் போட்டேன். ஆழத்தையும் பலகையையும் கம்பியையும் ஒரே மூச்சில் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக் காலையில் வந்து காட்டுகிறேன் என்றார் ரசமட்டம்.

சாரம் கட்டும் குழாய்களோடு வந்தார். புல்தரையில் சுண்ணாம்பால் ஆறடிக்கு முப்பதடி கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் குழாயை நட்டுக் கம்பி பொருத்தி, அவற்றுக்கு மேலே தண்ணீர் மட்டத்துக்கு நீலக் கயிறு கட்டினார். ஒரு மணி நேரத்தில் எங்கள் கொல்லையில் தண்ணீர் இல்லாத குளம் ஒன்று நின்றது. என் மனைவி வாக்கரோடு வந்து, அதை விட்டுவிட்டு இடக் கம்பியைப் பிடித்தாள். முழங்கை அதன் மேல் அளவெடுத்து வைத்தது போல உட்கார்ந்தது. நீலக் கயிறு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

“சார், நீங்க அந்தப் பக்கம் வாங்க” என்றார் ரசமட்டம்.

விளங்காமலே போய் வலக் கம்பியைப் பிடித்தேன். என் முழங்கையும் அதே போல உட்கார்ந்தது. ஐந்து அங்குலம். நான் அவளைவிட உயரம். அன்று டேப் பிடித்து நின்றபோது அளக்கப்பட்டது சுவர் இல்லை.

“எனக்கு எதுக்கும்மா கம்பி? நான் கரையில நிப்பேன். தண்ணி பட்டா எனக்குச் சளி பிடிச்சுக்கும்” என்றேன்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். “நாப்பது வருஷமாச் சொல்றீங்க. ஒரு தடவைகூடப் பிடிச்சதில்ல.”

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே பயம். முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். இதை என்னைப் பெற்றவர்களிடம்கூடச் சொன்னதில்லை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? மறைத்துவிட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளோ தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு தடவை சிரிக்காமல், ஒவ்வொரு சாயங்காலமும் துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த டைவை எல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

“இனிமே குதிக்க வேணாங்க” என்றாள் அவள். “தண்ணிக்குள்ள இத்தனை வருஷம் நான் தனியாவே இருந்துட்டேன். இப்பத் தனியா இறங்கத் தைரியம் வரல. கூட வரீங்களா?”

ரசமட்டம் குழாயின் திருகை முறுக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடந்தோம். கம்பியை நான் இறுக்கிப் பிடித்த பிடியில் உள்ளங்கை வியர்த்தது. வெட்கக்கேடு, காலடியில் வெறும் புல்தான்.

“பயப்படாதீங்க” என்றாள். “தண்ணி இன்னும் வரல.”

நாலாவது எட்டில் வழக்கம்போல நின்றாள். உதட்டைக் கடித்தாள். என்னைப் பார்த்தாள். ஐந்தாவது வைத்தாள். ஒன்பதாவது எட்டில்தான் நாற்காலி கேட்டாள்.

வீட்டுக்குள் போய்த் திட்டத்தை எடுத்து வந்தேன். அடித்த வரியை மீட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அந்த அவசியம் வந்ததே இல்லை. வலப்பக்கக் கம்பிக்கு எதிரே ‘அடித்தது என் தவறு’ என்று எழுதி முழுக் கையெழுத்துப் போட்டு, ரசமட்டத்திடம் நீட்டினேன்.

“அப்போ துண்டை யார் பிடிச்சிக்கிட்டு உட்கார்றது?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“அது கொடியில தொங்கட்டும்” என்றாள்.