மூன்றாவது படியில் ஏறுகிறவன்

துரையைத் தண்ணீருக்குள் இறக்க யாரும் வேண்டாம், அவனே இறங்கிவிடுவான். வெளியே கொண்டுவரத்தான் ஊரே கூடவேண்டும்.

துரை என்பது வீட்டில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். சின்ன வயதில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே மாட்டான். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால், வந்தவர்களை ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், அப்படி ஒரு பார்வை. "துரை வந்துட்டாருப்பா" என்று அவன் அப்பா சொன்னார். அன்றிலிருந்து அதுவே பெயர். பிறவியிலேயே அவனுக்குப் புத்தி கொஞ்சம் நிதானம், தசையெல்லாம் தொளதொளப்பு. பேச்சு வரும். எதையும் தன் கணக்கில்தான் சொல்வான். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான். அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். காலையிலிருந்து மெஷின் பக்கத்தில் நின்று நின்று, அவள் முழங்கால் இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே முனகும்.

போன வருஷம் துரை குளியலறையில் வழுக்கி விழுந்தான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மனசுதான் உடைந்துபோனது. நடக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அக்கா எங்கெங்கோ அலைந்து, கடைசியில் மறுவாழ்வு மையத்தின் பின்கட்டில் இருந்த வெந்நீர்க் குளத்துக்கு அவனைக் கொண்டுவந்தாள். கண்ணாடி ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, குளோரின் வாசனை மூக்கில் ஏறும் ஒரு நீளமான அறை. ஐந்து படி, இரண்டு பக்கமும் கம்பி. அந்தத் தண்ணீரில் வைத்து உடற்பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்குத் துரை முதல் நாளே 'தண்ணி டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டான். அவள் அவனை 'துரை சார்' என்பாள். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

தண்ணீர் நெஞ்சு வரைக்கும் வந்ததும் துரை நடந்தான், என் கண்ணுகளா. சுவரைப் பிடிக்காமல், யார் கையையும் பிடிக்காமல், அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி நின்று, மேடையில் பரிசு வாங்கினவன் மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா மடியில் இருந்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சில வாரத்தில் வீட்டிலும் சுவரைத் தொட்டுத் தொட்டு, தானே குளியலறை வரைக்கும் போகத் தொடங்கினான். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா அதைச் சொன்னாள். ஒரு பக்கம் எடுக்க வந்தவர் ஒரு கதையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

ஆனால் நேரம் முடிந்ததும் வம்பு தொடங்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு துரை சமர்த்தாகத்தான் ஏறுவான். மேலிருந்து மூன்றாவது படி வரும். தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கும். அங்கே அப்படியே நிற்பான். முகம் சுருங்கும். சட்டென்று திரும்பிக் குளத்துக்குள் போய்விடுவான். பிஸ்கட் காட்டிப் பார்த்தார்கள். அதட்டிப் பார்த்தார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்குகிற மோட்டார் நாற்காலியை ஒருநாள் இறக்கினார்கள். கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அவன் போட்ட சத்தத்தில் வாசல் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

அவனுக்கு அடுத்த நேரம் ஒரு சின்னப் பெண்ணுடையது. கால் இரண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொண்டு இறுகிப்போகும் அவளுக்கு. வெந்நீரில்தான் இளகும். லாரி ஓட்டுகிற அவள் அப்பா, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் நிற்பார். "துரை தர்பார் இன்னும் கலையலையா?" என்பார் முதலில் சிரித்துக்கொண்டு. போகப் போகச் சிரிப்பு போய்விட்டது. அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் மகளுடைய நேரமல்லவா கரைகிறது.

மையத்தின் மேலாளர் கடைசியில் சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை அந்தக் குழந்தையின் நேரத்தில் கை வைத்தால், துரையின் இடம் காத்திருக்கிற வேறொருவருக்குப் போய்விடும். தண்ணி டீச்சர் அதை அக்காவிடம் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அன்று வீட்டில் அக்கா அவனைக் கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். தண்ணீர் போய்விட்டால் நடையும் போய்விடும், பழையபடி நாற்காலிதான் என்று எடுத்துச் சொன்னாள். துரை விரலைப் பார்த்தபடி ஒரே பதில்தான் சொன்னான்.

"மூணாவது படில ஒருத்தன் என் முதுகுல ஏறிக்கிறான்க்கா."

பிடிவாதத்துக்கு இது ஒரு புதுச் சாக்கு என்று நினைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பிடிவாதக்காரன் என்று பேர் வாங்கினவன் வேறென்ன சொல்வான்?

அடுத்த முறை அக்கா ஒரு முடிவோடு வந்தாள். தானும் தண்ணீரில் இறங்கிப் பின்னாலிருந்து அவனைத் தள்ளிக்கொண்டே ஏற்றிவிடுவது என்று. துரையின் பழைய டி-ஷர்ட்டையும் ஒரு முழங்கால் பேண்ட்டையும் மாட்டிக்கொண்டு அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, துரை சிரித்த சிரிப்பில் அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. தள்ளினால் இரண்டு பேரும் விழுவீர்கள் என்று தண்ணி டீச்சர் சொன்னாள். வேண்டுமானால் அக்கா முன்னால் ஏறட்டும், துரை சார் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரட்டும், நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன், கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிவிடலாம் என்றாள்.

அக்கா இறங்கினாள். வெந்நீர் இடுப்பைத் தாண்டியதும் அவள் முழங்கால்கள் வாயை மூடிக்கொண்டன. எத்தனையோ வருஷமாக முனகிக்கொண்டே இருந்தவை. துரை அவளுக்குக் குளத்தைச் சுற்றிக் காட்டினான். இது ஆழம், இது மூலை, இங்கே திரும்பணும், இங்கே கும்பிடு போடணும். அவளும் போட்டாள். எதற்காக இறங்கினோம் என்பதையே மறந்துவிட்டாள்.

பிறகு டீச்சர் தலையாட்ட, அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் இரண்டு படி ஒன்றும் தெரியவில்லை. அடுத்த படியில் தண்ணீர் இடுப்பை விட்டு இறங்க, நனைந்த மூட்டை ஒன்றை யாரோ முதுகில் பொத்தென்று போட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் இவ்வளவு நேரம் வாங்கி வைத்திருந்த அவள் உடம்பை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. முழங்கால் மடங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

துரை அவள் முகத்தைக் குனிந்து பார்த்தான். ரகசியம் கேட்கிற குரலில் கேட்டான்:

"உன் மேலயும் ஏறிட்டானா?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாண்டா தம்பி," என்றாள். "ஏறிட்டான். நல்ல கனம்."

தண்ணி டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெளியே வரும்போது உடம்பு கனக்கும், பயப்படாதீங்க என்று இங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறவள் அவள். துரைக்கு மட்டும் சொல்லவில்லை. பிடிவாதம் என்று எல்லோரும் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள்.

அக்கா பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள். "வா, உக்காரு. அவன் அவசரப்படாம ஏறட்டும். நல்லா ஏறி உக்காந்தப்புறம் அவனையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடலாம்."

துரை யோசித்தான். அவன் யோசிப்பது தனி அழகு. கீழுதடு வெளியே வரும். பிறகு உட்கார்ந்தான். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தபடியே ஒரு படி மேலே நகர்ந்தார்கள். மறுபடி கொஞ்ச நேரம். இன்னும் ஒரு படி. சுவர்க் கடிகாரத்தை அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டீச்சர்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள். துரை தன் தோளைத் தடவிப் பார்த்து, "வந்துட்டான்" என்றான். கம்பியைப் பிடித்தான். எழுந்தான். சொட்டச் சொட்ட, யாரும் தொடாமல், ஈரத் தரையில் ஒவ்வொரு காலாக வைத்து நடந்து பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

கதவு திறந்தது. லாரிக்காரர் மகளோடு உள்ளே வந்தார். குளம் காலியாக இருந்தது. பெஞ்சில் துண்டு போர்த்திக்கொண்டு துரை அவரைப் பார்த்த பார்வை, அந்தப் பழைய நாற்காலிப் பார்வை.

செவ்வாயும் வெள்ளியும் அந்த நேரம் இன்றைக்கும் துரையுடையதுதான். புதிதாக வருகிறவர்களிடம் தண்ணி டீச்சர், "மூணாவது படில ஒருத்தன் ஏறுவான், உக்காந்து ஏத்திக்குங்க, துரை சார் பண்ற மாதிரி" என்றுதான் சொல்கிறாள்.

ஒருநாள் அந்தச் சின்னப் பெண்ணைத் தண்ணீரில் ஏந்திப் பிடிக்க அவள் அப்பாவையே இறங்கச் சொன்னார்கள். மகள் கால் இளகி, தண்ணீரை உதைத்து அவர் முகத்தில் அடித்தபோது அந்த மனிதர் குழந்தையாகிவிட்டார். நேரம் முடிந்து, மகளை மோட்டார் நாற்காலியில் ஏற்றிவிட்டு, அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு படியேறினார். மூன்றாவது படியில் தள்ளாடி, கம்பியைப் பாய்ந்து பிடித்தார். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார்.

துரை பார்த்திருந்தான். அன்று அவன் வேண்டுமென்றே வீட்டுக்குக் கிளம்பாமல் பெஞ்சிலேயே இருந்தான்.

"அண்ணே, உக்காருங்க," என்றான். "வெக்கப்படாதீங்க. எல்லார் மேலயும் ஏறுவான்."

அவ்வளவு பெரிய மனிதர், துரை சொன்ன பேச்சைக் கேட்டுப் படியில் உட்கார்ந்தார். அக்கா துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

துரை கீழுதடு வெளியே வர யோசித்து, போதிய நேரம் கொடுத்து, பிறகு கையசைத்தான்.

"ம். இப்ப அவனையும் தூக்கிட்டு வாங்க."